மறக்க முடியாத விளம்பரமும் மாமை நிறமும்

விளம்பரத் துறையினர் தம் வெற்றிக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றனர். மக்கள் மறக்கவில்லையா? வெற்றி! இருபது ஆண்டு கழித்துக் கேட்டாலும் அந்த வரி நாவில் எழுகிறதா? மாபெரும் வெற்றி! உள்ளத்தில் குடிபுகுந்த அந்த நினைவு, புகுந்த இடத்தில் என்ன செய்தது என்பதை அவர்கள் ஆராய்வதில்லை. விற்பவர் ஆராய மாட்டார். திறனாய்வு செய்யப் புகுந்த நாமும் வாளா இருக்கலாமோ? கவிதையை ஆராய்கிறோம், நாடகத்தை ஆராய்கிறோம், திரைப்படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்க்கிறோம். ஏடு தொடாத வீட்டிலும் நாள்தோறும் நுழைந்து பேசும் விளம்பரத்தை மட்டும் ஆராயாது விடுகிறோம்.

விளம்பரம் எவ்வாறு நினைவில் நிற்கிறது? பாடஞ் சொல்லும் தொழிலில் உள்ள நமக்கு இது விளங்காத மந்திரம் அன்று. வாய்பாடு மனத்தில் பதியும் வழி எதுவோ, சோப்பு மனத்தில் பதியும் வழியும் அதுவே. சுருக்கம் வேண்டும், ஓசை வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஒரு சிறு கதை வேண்டும், கண்ணில் நிற்க ஒரு முகம் வேண்டும். எதுகையும் மோனையும் இப்பணியைத்தானே செய்து வந்தன! ஏடு இல்லாதவனும் பாட்டை நெஞ்சில் ஏந்திச் செல்ல அவை துணை நின்றன. இந்த ஐந்து கருவிகளும் குற்றமற்றவை. ஆறாவது ஒன்று உண்டு. கேட்பவர் நெஞ்சில் ஏற்கெனவே இருக்கும் புண்ணைத் தேடிக் கண்டு, அதன்மீது விரல் வைப்பது! மற்ற ஐந்தும் மங்கினாலும் இந்த ஆறாவது மங்குவதில்லை. பாட்டு மறந்துபோகும்; வலி மறக்குமா?

சான்று ஒன்று காண்போம். 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் விளம்பரக் கதையை அறியாதார் யார்? கரிய நிறப் பெண்ணொருத்தி. அவளுக்கு வேலை இல்லை, அல்லது வரன் இல்லை. முகத்தில் பூசுகிறாள், முகம் வெளுக்கிறது, உடனே வேலை வருகிறது, மாப்பிள்ளை வருகிறான், வாழ்வு வருகிறது! அவள் கற்ற கல்வி எங்கே? உழைப்பு எங்கே? அறிவு எங்கே? கதையில் அவற்றுக்கு இடமே இல்லை. மகன் இல்லையே என்று ஏங்கும் தந்தை, மகள் நிறம் மாறி விமானப் பணிப்பெண் ஆனதும் மகிழ்வதாகவும் ஒரு படம் வந்தது. பெண்ணாய்ப் பிறந்தது ஒரு குறை, கரியவளாய்ப் பிறந்தது மறு குறை என்று இரு புண்களை ஒரே விரலால் தொட்ட படம் அது!

கலைநுட்பத்தை மறுப்பதற்கில்லை. இரண்டு முகங்கள், கருமையிலிருந்து வெண்மைக்குச் செல்லும் நிறப்படிகள்: எழுத்தறியாதவரும் ஒரு நொடியில் படித்துவிடும் பாடம் அது. படிகளின் அடியில் நிற்பவள் இழிந்தவள், உச்சியில் நிற்பவள் உயர்ந்தவள் என்பதே அப்பாடத்தின் பொருள். தமிழில் அதற்குச் ‘சிவப்பழகு’ என்று பெயரிட்டனர். சொல்லைக் கவனியுங்கள்! அழகுக்கு முன்னால் ஒரு நிறத்தை நிறுத்திவிட்டால், மற்ற நிறத்தார் அழகுக்கு வெளியே நிற்க வேண்டியவர்தாமே?

இது தொன்றுதொட்டு வந்த தமிழர் சுவை என்பாரும் உளர். அவர்கள் சங்க ஏடுகளைப் புரட்டிப் பார்க்கட்டும். அங்கே தலைவியின் அழகு ‘மாமை’. மாந்தளிரை ஒத்த நிறம். வெளிறுவதற்குப் பெயர் ‘பசலை’. அது பிரிவால் வரும் நோய். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் படைத்த தலைவி, தன் மாமை அழகைப் பசலை உண்கிறதே என்று வருந்துகிறாள். வள்ளுவர் அந்த வருத்தத்துக்கென்றே ‘பசப்புறு பருவரல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். நிறம் வெளிறியதற்கு அழுத தலைவியின் வழிவந்தோரிடம், நிறம் வெளிறுவதற்கான பூச்சை விற்றுவிட்டனர்! விளம்பரக் கலையின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அறிவியலைக் கேட்டாலும், தோலின் கருமைக்குக் காரணமான மெலனின், கதிரவனின் புறஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் கவசம் என்றே கூறும். கவசத்தைக் கறை என்றனர், நாடு நம்பிற்று!

எதிர்ப்பு எழாமல் இல்லை. அனைத்திந்திய சனநாயக மாதர் சங்கம் முறையிட்டது; 2003இல் அவ்வகைப் படங்கள் சில தொலைக்காட்சியிலிருந்து நீக்கப்பட்டன. 2009இல் சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ என்னும் அமைப்பு, கருமையும் அழகே என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் தம் முகத்தையும் குரலையும் தந்தார். 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கரிய நிறத்தாரைத் துயருற்றவராகவோ தாழ்ந்தவராகவோ காட்டலாகாது என நெறி வகுத்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து உலகெங்கும் நிறவெறிக்கெதிரான குரல் ஓங்கியபோது, அப்பூச்சின் பெயர் ‘குளோ அண்ட் லவ்லி’ என மாற்றப்பட்டது.

பெயர் மாறியது, நினைவு மாறிற்றா? குழாயின்மேல் உள்ள எழுத்தை ஒரே நாளில் மாற்றலாம். நாற்பத்தைந்து ஆண்டுகள் நெஞ்சில் எழுதிய எழுத்தை எந்த நாளில் அழிப்பது? பள்ளி நாடகத்துக்கு வேடம் பகிரும்போது காணலாம். அரசி வேடம் என்றதும் வெளுத்த முகத்தைத் தேடும் கண்கள் உண்டு. “எனக்குத் தோழி வேடம் போதும்” என்று தானே ஒதுங்கும் கரிய சிறுமியும் உண்டு. வசனத்தைத் தடையின்றி ஒப்பிப்பவள் அவளாகவே இருப்பாள்! அவளை ஒதுங்கச் சொன்னவர் யார்? வகுப்பில் எவரும் சொல்லவில்லை. அவள் பிறக்குமுன்பே வீடுதோறும் சொல்லி வைத்துவிட்டனர். மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ கேட்ட பெற்றோரும், அதைத் தயங்காமல் அச்சிட்ட ஏடுகளும் அதற்கு உடந்தை. நிறுவனத்தை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவ முடியாது. புண் நம்முடையது, அதில் காசு கண்டவர் அவர்.

அப்படியானால் நினைவில் நிற்கும் கலையே தீதா? அன்று! 1995இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து இயக்கத்தை நினைவுகூருங்கள். இரண்டே சொட்டு என்னும் சுருக்கம். குறித்த ஞாயிற்றுக்கிழமை என்னும் திரும்பத் திரும்ப வரும் நாள். எவரும் அறிந்த அமிதாப் பச்சனின் முகம். மருந்து பெற்ற குழந்தையின் சுண்டுவிரலில் மை அடையாளம். அதே கருவிகள்தாம்! ஊழியர் வீடு வீடாக நடந்த உழைப்போடு அவை சேர்ந்தன. 2011 சனவரியில் மேற்கு வங்கத்தில் கண்ட நோயாளிக்குப் பின் இந்நாட்டில் இயற்கைப் போலியோ கிருமியால் எவரும் தாக்குறவில்லை. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது. அங்கும் அச்சம் தொடப்பட்டது, உண்மையே. ஆயினும் அந்த அச்சத்துக்கு உண்மையான நோய் இருந்தது, உண்மையான மருந்தும் இருந்தது. முகப்பூச்சு வாணிகத்திலோ, மருந்தை விற்பதற்காக நிறத்தையே நோயாக்கினர்!

இந்த வேறுபாடே நாம் வேண்டும் அளவுகோல். ஒரு விளம்பரம் எவ்வளவு காலம் நினைவில் நின்றது என்பது பாதிக் கேள்வி. நின்ற காலமெல்லாம் அது மனிதனை நிமிர்த்தியதா, குனிய வைத்ததா என்பது மறுபாதி. மாணவர்க்குச் செய்யுள் நலம் பாராட்டக் கற்பிக்கிறோம். அதனோடு ஒரு விளம்பரத்தையும் கரும்பலகையில் எழுதி, ‘இது உன்னிடம் எதைக் குறை என்கிறது? அது உண்மையில் குறைதானா?’ என்று கேட்கப் பழக்குவோம். அந்தக் கேள்வி பழகிய சிறுமி அரசி வேடத்துக்குக் கை தூக்குவாள். தூக்கிய கையைத் தாழ்த்த எந்த வாணிகப் பாட்டாலும் இயலாது!