மாப்பிள்ளையைச் சந்தேகிப்பது எப்படி?

நம் திரைப்படச் சங்கத்தின் மலர்க் குழுவினர் இரண்டு பக்கம் போதும் என்றார்கள். சங்கத் தலைவர் ஐயா தொலைபேசியில் அழைத்து, நமக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்த பெரியவரைப் பற்றியும் நாலு வரி சேர்த்துவிடுங்கள் என்றார். நாலு வரியில் அடங்குகிறவரா அவர்? குடும்பத் திகில் படங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் சங்கத்தின் மர பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் கற்றதுதான். எனவே படங்களைப் பற்றி எழுதினாலே அவரைப் பற்றி எழுதியதாகிவிடும். கதைச் சுருக்கங்களுக்குள் போகப்போவதில்லை. நம் உறுப்பினர்களுக்கு அவை தலைகீழ்ப் பாடம்.

வீட்டுக்குள் புதிதாக ஒருவர் வருகிறார். கணவராக, மனைவியாக, நிச்சயிக்கப்பட்டவராக. எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போகிறது. ஒருவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இந்த ஒரு முடிச்சைத் தமிழ்த் திரையில் மூன்று வழியினர் அவரவர் போக்கில் அவிழ்த்திருக்கிறார்கள்.

முதலாவது வீணை பாலசந்தர் வழி. 1954இல் அவர் இயக்கி, ஏ.வி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ பாட்டு இல்லாத படம் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். அது பெருமைதான். ஆனால் ஜாவர் சீதாராமன் தன் எழுத்தில் கட்டிய வீட்டை யாரும் கவனிப்பதில்லை. கொலையுண்டவனின் தம்பிக்குச் சொத்துத் தகராறு தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் தான் பார்த்ததைச் சொல்வார். ஆளுக்கொரு துண்டு தெரியும். முழுசாகத் தெரிந்தவள் மனைவி உஷா ஒருத்திதான். காதலித்துக் கைப்பிடித்தவன் நாட்டையே விற்கிறவன் என்று தெரிந்தபின் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? பண்டரிபாய் முகத்தில் அந்தக் கேள்வி படம் முழுக்க இருக்கிறது. இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் அது நமக்குத் தெரியும்.

இரண்டாவது ‘புதிய பறவை’ வழி. 1958இல் வந்த ‘சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ’ என்ற ஆங்கிலப் படம், 1963இல் வங்காளத்தில் ‘சேஷ் அங்கா’ ஆகி, 1964இல் தாதா மிராசி கையில் நமக்கு வந்தது. ஆங்கிலத்தில் பொய் அண்ணன். இங்கே பொய் மனைவி. நிச்சயதார்த்த விருந்தில், அத்தனை பேர் முன்னிலையில் சௌகார் ஜானகி வந்து நிற்கும்போது நாம் அவரைத்தான் சந்தேகிக்கிறோம். கப்பலில் அறிமுகமாகி வீடுவரை வந்து தங்கிய லதாவையும், அவள் அப்பாவாக வரும் வி.கே.ராமசாமியையும் யாரும் சந்தேகிப்பதில்லை. விருந்தாளியைச் சந்தேகிப்பது பண்பல்ல என்ற நம் பழக்கத்தையே திரைக்கதை திரையாக இழுத்துவிட்டிருக்கிறது. நம்மவர்கள் வாங்கிய கதையை நம் வீட்டுக் கதையாக்கியது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது பாரதிராஜா வழி. 1978இல் ‘சிகப்பு ரோஜாக்கள்’. அதற்கு வசனம் எழுதிய பாக்யராஜ் 1981இல் ‘விடியும் வரை காத்திரு’ எடுத்தார். அதே பாசறையிலிருந்து வந்த மணிவண்ணன் 1984இல் ‘நூறாவது நாள்’ எடுத்தார். மூன்றிலும் தாலி கட்டியவனே ஆபத்து. குரு சிஷ்ய பரம்பரை இவ்வளவு துலக்கமாகத் தெரியும் வழி வேறில்லை. இவர்களுக்குப் பின் 1995இல் வசந்தின் ‘ஆசை’ வந்தது. மூத்த மாப்பிள்ளையாக வந்த பிரகாஷ்ராஜ், மச்சினியின்மேல் கண் வைத்துக்கொண்டே மாமனாரின் நம்பிக்கைக்கு உரியவராக இருப்பார். ராணுவ அதிகாரி வேறு. அந்த மாமனாரிடம் போய் யார் என்ன சொல்லிவிட முடியும்?

இனி எங்கள் பள்ளி. நான்காவது வழி என்று இதைச் சொல்லமாட்டேன். படம் எடுத்த பள்ளி அல்ல, பார்த்த பள்ளி. பெரியவர் படம் முடிந்து விளக்குப் போட்டதும் கொலையாளி யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வீட்டில் முதலில் யாருக்குத் தெரிந்தது, தெரிந்தவர் ஏன் வாய் திறக்கவில்லை என்றுதான் கேட்பார். பதில் சொல்லாதவருக்கு அன்றைக்குச் சுக்குக் காப்பி கிடையாது. இந்த ஒரு கேள்விதான் அவர் எங்களுக்குக் கொடுத்த உரைகல்.

அதற்கு அவர் காட்டிய படம் ஹிட்ச்காக்கின் ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’, 1943. வருகிறவர் கணவரல்ல, தாய்மாமன். ஆனாலும் இந்த இனத்தின் இலக்கணம் அதில்தான் இருக்கிறது என்பார். சான்டா ரோசா என்ற சிற்றூரில் ஒரு சாதாரணக் குடும்பம். தம்பி வந்ததில் அக்காவுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. தம்பியோ பணக்கார விதவைகளைக் கொன்றுவிட்டு வந்து ஒளிந்திருப்பவன். அக்கா மகளுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. சொன்னால் அம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் தன் உயிருக்கே ஆபத்து.

விருந்துக் காட்சி ஒன்று வரும். எல்லோரும் கீழே கூடியிருக்கிறார்கள். மாமன் கோப்பையை உயர்த்திப் பேசப் போகிறான். அவள் மாடிப்படியில் இறங்கி வருகிறாள். கைப்பிடிக் கட்டையில் வைத்த கையில், இறந்தவள் ஒருத்தியின் மோதிரம். அவன் அதைப் பார்க்கிறான். அடுத்த வாக்கியத்தில், நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறேன் என்று அறிவித்துவிடுகிறான். அறையில் இருக்கும் மற்றவர்களுக்கு அது வெறும் பிரிவுச் செய்தி. அம்மாவின் முகம் வாடுகிறது. மிரட்டல் ஒன்று விடுக்கப்பட்டு, ஏற்கப்பட்டுவிட்டது, யாருக்கும் தெரியாது. பெரியவர் இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டு இரவு பத்து மணிவரை பேசுவார். அதே ஹிட்ச்காக்கின் ‘சஸ்பிஷன்’ படத்தில் கேரி கிராண்ட் மாடிக்கு ஏந்திச் செல்லும் பால் டம்ளருக்குள் பல்பு வைத்து ஒளிரவிட்டதைச் சிலாகிக்கிறவர்களிடம், பால் இருக்கட்டும், அந்த மனைவி ஏன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாள் என்று சொல் என்பார்.

இன்றைக்கு எடுப்பவர்களைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். பெயர் சொல்லமாட்டேன். திறமைக்குக் குறைவில்லை, ஒளிப்பதிவிலும் ஒலியிலும் நம் முன்னோர் கனவிலும் காணாத வசதிகளை நன்றாகவே கையாள்கிறார்கள். ஆனால் வீடு எங்கே? அம்மா ஒரு காட்சியில் காப்பி கொண்டுவருகிறார், அதோடு சரி. அப்பா சுவரில் படமாகத் தொங்குகிறார். புதிதாக வருகிறவன் முதல் ஷாட்டிலேயே முறைக்கிறான்; பின்னணி இசை அவனுக்கு முன்னால் ஓடிவந்து, இவன்தான் இவன்தான் என்கிறது. பிறகு திருப்பத்துக்குமேல் திருப்பம். கடைசியில் சிறுவயதில் பட்ட காயம் என்று ஒரு ஃப்ளாஷ்பேக், மருத்துவர் ஒருவரின் விளக்கவுரை. இந்தக் கடைசிக் கோளாறு மேலே சொன்ன மூன்றாம் வழியிலேயே தொடங்கியது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். அதற்கு அங்கே ஓர் அளவு இருந்தது.

போகட்டும், எடுப்பவர்களை மட்டும் சொல்லி என்ன பயன்? முன்பு பெண் கொடுப்பதற்குள் மளிகைக் கடையில் கேட்பார்கள், இஸ்திரி போடுகிறவரிடம் கேட்பார்கள், பையனின் அலுவலக வாட்ச்மேனிடம்கூடப் பேச்சுக் கொடுப்பார்கள். இப்போது செயலியில் ஜாதகமும் சம்பளமும் பொருந்தினால் மண்டபம் பிடித்துவிடுகிறார்கள். விசாரிக்கத் தெரியாத சமூகத்துக்குத் துப்பறியும் கதை எப்படி வரும்? நம் சங்கத்திலேயே பாருங்கள். படம் ஓடும்போது செல்பேசி வெளிச்சம். கடைசித் திருப்பம் தெரிந்த மறுநிமிடம் நாற்காலிகள் காலி. கலந்துரையாடலுக்கு மிஞ்சுவது மூத்த உறுப்பினர்களும், சாவிக்காகக் காத்திருக்கும் காவலாளியும்தான். நம் திரைக்கதைப் போட்டிக்கு வந்த ஒரு கதையில், கதாநாயகியின் பெற்றோர் வெளிநாட்டில் இருப்பதாக முதல் வரியிலேயே எழுதிக் கையைக் கழுவிவிட்டார்கள். அதற்குப் பரிசும் கிடைத்தது. நடுவர்களை நான் குறை சொல்லவில்லை, எல்லோரும் நம்மவர்களே.

செயற்குழுவுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். பெரியவர் காலத்தில் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் கதையோடு தனித்தாளில் ஒரு பட்டியல் தரவேண்டியிருந்தது: வீட்டில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும், எப்போது தெரிந்தது, ஏன் சொல்லவில்லை. இளைஞர்களுக்குச் சிரமம் என்று அந்த விதியை நீக்கினோம். அடுத்த ஆண்டிலிருந்து அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்தத் தாளை நிரப்ப முடியாத கதையை நடுவர்கள் படிக்கவே வேண்டியதில்லை.