எச்சமா? படிவமா?

பாறையிற் காணும் பண்டை உயிர்களின் அடையாளத்தைத் ‘தொல்லுயிர் எச்சம்’ என்றும் ‘புதைபடிவம்’ என்றும் வழங்குகின்றனர். முன்னது முற்றும் பொருந்தாது. எச்சமாவது எஞ்சிய பொருள். விழுப்புரம் மாவட்டத் திருவக்கரைக் கல்மரங்களில் எஞ்சியது மரமன்று. மரப்பொருளின் இடத்தைச் சிலிக்கா கொள்ள, வடிவமே நின்றது. ‘எச்சம்’ எனக் கேட்கும் மாணவன் மரமே அப்படியே கிடப்பதாக எண்ணுவான். சைபீரியப் பனியில் உறைந்த மாமூத் யானைக்கே அச்சொல் தகும்.

‘புதைபடிவம்’ என்பதோ காரணத்தையும் உணர்த்தும். மணலும் சேறும் மூடப் புதைவதாலன்றோ படிவுப்பாறையில் இவை மிகுதி! உருகிய குழம்பு இறுகிய கருங்கல்லில் இவை இல்லை. சுண்ணக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சலவைக்கல்லாய் உருமாறுங்கால் வடிவங்கள் பெரும்பாலும் அழியும், பத்துமலையே சான்று. சொல்லைப் பிரித்துக் கற்பிப்பின் மூவகைப் பாறையும் உடன் விளங்கும். ஆகலின், ஆசிரியர் பின்னதையே கொள்க.