கொஞ்சம் பேனா கொடுங்க

பாங்க்கில் பக்கத்தில் நிற்பவரிடம் ‘கொஞ்சம் பேனா கொடுங்க’ என்கிறீர்கள். பேனாவில் கொஞ்சம் அல்ல, முழுப் பேனாவும்தான் வேண்டும். அந்தக் ‘கொஞ்சம்’தான் நம்முடைய ‘ப்ளீஸ்’. ‘தயவுசெய்து’ இருக்கிறதே என்பீர்கள். அது சுவரில் எழுத: ‘தயவுசெய்து இங்கே எச்சில் துப்பாதீர்கள்.’ வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சண்டையா என்று பார்ப்பார்கள்.

இந்தச் சமாசாரத்தை ஆராய்ந்தவர்கள் பெனிலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும். 1978-ல் நீண்ட கட்டுரையாக எழுதியது, 1987-ல் ‘பொலைட்னஸ்’ என்று தனிப் புத்தகமாக வந்தது. ஆங்கிலம், மெக்ஸிகோவின் ட்ஸெல்டால், தமிழ் மூன்றையும் ஒப்பிட்டார்கள். தமிழ், கோவை மாவட்டத்து கிராமம் ஒன்றில் சேகரித்தது.

அவர்கள் ஃபார்முலா எளிது. இருவருக்கும் உள்ள இடைவெளி, எதிராளியின் அதிகாரம், கேட்கும் காரியத்தின் பாரம்... மூன்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை ஏற ஏறப் பேச்சு சுற்றி வளைக்கும். தீப்பெட்டியை நேராகக் கேட்கலாம். ஐயாயிரம் ரூபாய் கடன் என்றால் முதலில் குழந்தைகளின் படிப்பை விசாரிக்க வேண்டும்.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், ஆங்கிலேயர் ‘முடியுமா?’ என்று கேட்குமிடத்தில் போலந்துக்காரர் நேராகச் ‘செய்’ என்பார், அதில் மரியாதைக் குறைவே இல்லை என்று அன்னா வியெஷ்பிட்ஸ்கா 1985-லேயே எழுதினார். 1988-ல் யோஷிகோ மாட்சுமோட்டோ இன்னொரு ஆட்சேபம் எழுப்பினார். ஜப்பானிய மொழியில் எதையுமே கேட்காத சாதாரண வாக்கியத்திலும் ஆளைப் பார்த்து மரியாதை விகுதி போட்டாக வேண்டும்.

இதற்கு ஜப்பான் வரை போக வேண்டாம். கோவையிலேயே ‘மழை பெய்யுதுங்க’ என்பார்கள். இதில் யாருக்கு என்ன பாரம்? எதுவும் கேட்கவில்லையே, ‘ங்க’ எதற்கு?

புத்தகத்தில் எனக்குள்ள குறை இங்கேதான். சாதி வாரியாக யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். ஆனால், ஃபார்முலாவில் போட்டதும் அதிகாரம் வெறும் எண்ணாகிவிடுகிறது. பேசுபவர் மனசுக்குள் கணக்குப் போட்டு, சௌகரியமான வாக்கியத்தைத் தேர்ந்தெடுப்பது போலத் தொனிக்கிறது. ‘ங்க’ போடாவிட்டால் அடி விழும் என்கிற இடத்தில் அது தேர்வு அல்ல, கட்டளை.

இருந்தும் படிக்க வேண்டிய புத்தகம். படிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரு சின்னப் பரிசோதனை: உங்கள் அபார்ட்மென்ட்டில் அறுபது வயது வாட்ச்மேன் இருக்கிறாரே, அவரிடம் உங்கள் பத்து வயதுப் பையன் சொல்வது ‘கேட்டைத் திற’வா, ‘திறங்க’வா?

அவன் யாரிடம் கற்றுக்கொண்டான் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.