மத்தளக் காதோடு கேட்டால்

பாட்டுப் போட்டி மேடைகளில் நம்மவர்களுக்கு இப்போது நல்ல காலம். 2023இல் ஜீ தமிழ் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பட்டம் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருவருக்குக் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அந்த மேடையில் ஒலிப்பதெல்லாம் பிறர் போட்ட சினிமாப் பாட்டு. தானே எழுதி, தானே மெட்டுக் கட்டிப் பாடுகிறவரை அளக்க அந்த நடுவர் மேசை போதாது. அதற்கு வேறொரு காது வேண்டும். வடபாங்குக் கூத்தும் தென்பாங்குக் கூத்தும் கேட்டு வளர்ந்த மன்னார்ச் சனத்துக்கு அது உண்டு. கூத்தில் ஒரு சொல் மத்தளத்துக்குப் பிந்தினால் முன்வரிசைக் கிழவருக்கே தெரிந்துவிடும்.

அந்தக் காதோடு புலம்பெயர் மண்ணிலிருந்து வரும் இருவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர் ஷான் வின்சன்ட் டி போல். 2021இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயரே 'மேட் இன் ஜஃப்னா'. அதைவிட எனக்குப் பிடித்தது, யாஞ்சன் மிருதங்கம் வாசிக்க அவர் ராப் சொல்லும் 'மிருதங்கம் ராப்ஸ்' வரிசை. இங்கே மிருதங்கம் பின்னணிக்கு வைத்த அலங்காரம் அல்ல, எதிராளி. யாஞ்சன் நடையை இறுக்கும்போது ஷான் அசைகளை நெருக்கி ஓடுகிறார். தாளம் திறந்தால் மூச்சு விட்டு, அடுத்த அடியின் தலையில் சரியாக வந்து விழுகிறார். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொற்கட்டுச் சொல்லி ஆட்டக்காரரை வெளியே விடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. குறையும் உண்டு: வேகம்தான் அவருடைய பலம் என்பதால், நிதானமான பாட்டுகளில் அந்தப் பிடி தளர்கிறது.

பிரியா ரகு வேறு வகை. போரால் சுவிற்சர்லாந்துக்குப் போன ஈழத்துக் குடும்பம். தகப்பனுக்கு ஒரு இசைக்குழு இருந்தது. சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டுமாக அங்கேதான் பிரியாவும் அண்ணனும் பழகினார்கள். 'ஜஃப்னா கோல்ட்' என்ற பெயரில் இன்றும் அண்ணன்தான் அவருக்கு இசை அமைக்கிறார். விமான நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டு முழுநேரப் பாடகியானார். அவருடைய 'குட் லவ் 2.0' ஃபிஃபா 21 காணொளி விளையாட்டில் இடம்பிடித்தது. பந்து விளையாடும் நம் பெடியள் சிலர் பெயர் தெரியாமலே அதைக் கேட்டிருப்பார்கள். 2021இல் 'டாம்ஷிஸ்டமில்', 2023இல் 'சந்தோசம்' என்று தொகுப்புகள் வந்தன. குரல் மென்மை; சங்கதிகளை அளந்துதான் போடுகிறார். பாடத் தெரிந்தவர்களில் பலருக்கு வராத அடக்கம் இது.

இருவருக்கும் பொதுவான ஒரு தட்டுப்பாடு தமிழ். பாட்டின் உடம்பு ஆங்கிலம், தமிழ் அங்கங்கே தலைகாட்டுகிறது. அவர்கள் வளர்ந்த இடம் அப்படி, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கிற்றாரும் பைலாத் தாளமுமாக யாழ்ப்பாணப் பேச்சையே பாட்டாக்கிவிட்டார் என்பது நினைவுக்கு வராமல் போகாது. சொல்லை இழுக்காமல், முறிக்காமல், வீட்டில் பேசுகிற மாதிரியே தாளத்தில் உட்காரவைத்தவர் அவர். அந்த வேலையை ஷானோ பிரியாவோ தமிழில் இன்னும் முழுதாகச் செய்யவில்லை.

புதிதாகக் கேட்பவர்கள் 'மிருதங்கம் ராப்ஸ்' முதல் பகுதியில் தொடங்கலாம். பிரியாவுக்கு 'சிக்கன் லெமன் ரைஸ்'. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் வேண்டாம், அடித்தாளம் அதில் காணாமல் போய்விடும்.