திருவுளமும் தீர்ப்பும்

முன்னோர் இறைவற்கென்று எழுதி வைத்த பொருள்பற்றிப் பின்னோர் தம்முள் மாறுபட்டு நீதிமன்றம் புக்க வழக்குகளுள், கல்கத்தா மல்லிக் குடும்பத்து வழக்கு தனித்து ஆராயற்பாலது. இலண்டன் பிரிவி கௌன்சிலார் 1925ஆம் ஆண்டில் அதற்குத் தீர்ப்பளித்தனர். குலதெய்வத்தை முறைவைத்துப் பூசித்து வந்த பங்காளிகளிடையே, முறைக்குரியார் தம் முறைநாளில் அத்திருவுருவைத் தம் இல்லத்திற்குப் பெயர்த்துச் செல்லலாமோ என்பதே பிணக்கு.

திருவுருவம் வீட்டுத் தட்டுமுட்டுப் போல்வதன்று. அஃது இருக்கும் இடம்பற்றித் தெய்வத்தின் விருப்பமே மதிக்கப்படல் வேண்டும் என்றனர் நீதிபதிகள். வழக்கிற் பயன்கருதாத ஒருவரைத் தெய்வத்தின் சார்பில் நீதிமன்றமே அமைத்து, குடும்பத்துப் பெண்டிரையும் வழக்கிற் சேர்த்து, பூசைக்கு ஒரு திட்டம் வகுக்க எனவும் பணித்தனர். பங்காளிகள் மறந்த பெண்டிரைக் கடல்கடந்த மன்றம் நினைந்தது பெரிதும் போற்றத்தக்கது.

ஆயின் 'தெய்வத்தின் விருப்பம்' என்றது பொருந்துமோ? பதி தன்வயத்தது, உயிரே சார்ந்ததன் வண்ணமாவது என்பது சித்தாந்தம். சட்டமோ தெய்வத்தைப் பருவமெய்தாச் சிறுவனெனக் கொண்டு, அதற்குக் காப்பாளரைத் தேடுகின்றது. இதனைத் தெய்வ நிந்தையென்பார் கூற்று மிகையே. வழக்கு நடத்தற்கு வேண்டிய புனைவு அது. குற்றம் வேறிடத்தது. அறம் வைத்தார் கருத்தைச் சாசனத்தாற் காணலாம்; திருவுளத்தை எதனாற் காண்பது? காப்பாளர் சொற்குத் திருவுளமென்று பெயரிட்டால், அதனை மறுத்து வினாவுவார் யார்? இம்மன்றமே 1921இற் சென்னை மாகாணத்து மடமொன்றின் குத்தகை வழக்கில், ஆங்கிலேயர் டிரஸ்டு என்னும் கருத்தை இந்நாட்டு மடங்களின்மேல் அவ்வாறே ஏற்றலாகாதென்று நுண்ணிதின் உணர்ந்துரைத்தது. அந்நுண்மை நான்காண்டிற்குள் நெகிழ்ந்தமை வியப்பே.

இனி, பிணக்கின் வேர் இதனினும் ஆழத்தது. பூசைப் பொறுப்புப் பணியுமாம், சொத்துமாம் என்பது வங்கத்து வழக்குகளில் ஊன்றிய கொள்கை. 1951இல் இந்திய உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றுக் கைம்பெண்ணுக்கும் அவ்வுரிமை வழங்கிற்று. பெண்ணுக்கு வழங்கியது நன்றே. எனினும், சொத்தெனின் பங்குண்டு. மூவர் மைந்தர்க்கு ஆண்டில் நந்நான்கு திங்கள். அவர்தம் மும்மூன்று மைந்தர்க்கு ஏறத்தாழ நாற்பது நாள். அடுத்த தலைமுறையிற் பதின்மூன்று நாள். பூசையோ என்றும் ஒன்றே. அந்நாளிற் கோயிற் கூரை ஒழுகுமாயின், யார் முறையில் ஒழுகத் தொடங்கிற்று என்பதே முதல் வினாவாகும். ஓடு மாற்றுதல் அதன் பின்னரே.