உலகம் உளதாதற்குக் காரணம்: புறநானூற்று மூன்று பாடல்களும் புதுக்கோட்டை அறிவொளியும்

பழந்தமிழர் உலகினை நிலையாமை என்னும் கண்கொண்டே நோக்கினர் என்றும், மாந்தர் வாழ்வு மேன்மேலும் உயரும் என்னும் நம்பிக்கை மேலைநாட்டார் தொடர்பால் நமக்கு வந்தது என்றும் கூறுவார் உளர். காலம் செல்லச் செல்ல முன்னேற்றம் தானே வரும் என்னும் கருத்து நம் பழம்பாடல்களில் இல்லை என்பது உண்மையே. ஆயின், அதனால் அவை நம்பிக்கையற்ற பாடல்கள் என்று முடிவு கட்டுதல் பொருந்துமா? இதனை ஆராய்தற்குப் புறநானூற்றின் 182, 183, 194 ஆம் பாடல்களை எடுத்துக்கொள்வாம். மூன்றும் பொதுவியல் திணையின. முன்னைய இரண்டும் பொருண்மொழிக்காஞ்சி, பின்னையது பெருங்காஞ்சி.

பின்னையதை முதற்கண் காண்பாம். பக்குடுக்கை நன்கணியார் ஒரு மனையில் சாவுப்பறையும் அடுத்த மனையில் மணமுழவும் ஒருங்கே கேட்கின்றார். இவ்வாறு வகுத்தவன் பண்பு இல்லாதவன் என்று படைத்தோனையே பழிக்கவும் அவர் அஞ்சவில்லை. துன்பமே உலகின் இயல்பு என உணர்ந்தவர்க்கு இனிமையைத் தேடிக்காணும் கடமை உண்டு என்பது அவர்தம் முடிபு. இனிமையைக் காணுதல் என்பதற்கு நல்வினை செய்தல் எனப் பொருள் கொள்வாரும் உளர்; யான் அப்பொருளையே விரும்புகின்றேன். கண்ணை மூடிக்கொண்டு இன்புறுதலே புலவர்தம் கருத்தாயின், படைத்தோனை அவர் வைய வேண்டியதில்லை அன்றோ?

182 ஆம் பாடலைப் பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. இவ்வடைமொழி அவர் இறந்தபின் பிறர் இட்டது என்பதில் ஐயமில்லை. கடலால் உயிரிழந்த ஒருவர் உலகின் நிலைபேறு குறித்துப் பாடிய பாடலே இன்று அவர்க்கு எஞ்சிய புகழாக நிற்கின்றது. அமிழ்தமே கிடைப்பினும் தனித்து உண்ணாதவர், சினமும் சோம்பலும் இலாதவர், பழியொடு வருமாயின் உலகனைத்தையும் மறுப்பவர், தம் நலம் கருதாது பிறர்க்கென உழைப்பவர் என்று அவர் அடுக்கிச் சொல்வோர் இருப்பதனாலேயே இவ்வுலகம் உளது என்கின்றார்.

நன்கணியாரும் இளம்பெருவழுதியும் உலகம் பற்றிய தம் முடிபினை 'அம்ம' என்னும் இடைச்சொல்லொடு கூறுதல் கருதத்தக்கது. தொல்காப்பியம் அதற்குக் கேட்பித்தற் பொருள் கூறும். கேளாதவனை, அல்லது கேட்டும் நம்பாதவனை, முன்னிறுத்திப் பேசும் குரல் இது. நாளை நன்றாகும் என்று இளம்பெருவழுதி வருவதுரைக்கவில்லை. இன்றுவரை வீழாது நிற்கின்றதே, இதற்குக் காரணம் யாது என்று வினவுகின்றார். காரியத்தினின்று காரணத்தை உய்த்துணரும் அளவை நெறி இது. காரணமாகக் காட்டியவர்க்கு அவர் பெயரோ குடியோ ஊரோ கூறாமையும் நோக்கத்தக்கது. வேந்தரையும் வள்ளல்களையும் பெயர் சுட்டிப் பாடும் ஒரு தொகையில் இப்பெயரின்மையைத் தற்செயலாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

எனினும், இப்பாடல் உலகம் நிற்பதற்குக் காரணம் கூறுகின்றதேயன்றி உயர்வதற்குக் கூறவில்லை. அக்குறையை நிரப்புவது 183. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், கீழோன் எனப்பட்டவன் கற்பானாயின் மேலோன் எனப்பட்டவனும் அவனிடம் பணிந்து கற்பான் என்கின்றான். பிறப்பால் அமைந்த வரிசை கல்வியால் மாறும் என்பதனை ஒரு வேந்தன் வாயாற் கேட்கின்றோம். ஆனால் அதே பாடலில் தாய் எங்கு நிற்கின்றாள்? தான் பெற்ற மக்களுள் கற்றவன்பால் அவள் உள்ளம் சாயும் என்கின்றான் மன்னன். கல்வியின் சிறப்பினை அளந்து காட்டும் கோலாகத் தாய் பயன்படுகின்றாள்; அவள் கற்பாள் என்னும் நினைவு பாடலில் எவ்விடத்தும் இல்லை. கல்வியைப் புகழும் நம் உரைகள் இவ்விடத்தைக் கடந்துசெல்வது எனக்கு நெடுநாளைய குறை.

இப்பாடல்களை யான் கற்பிக்கும் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். இது எழுத்து மிக்க நிலம். சித்தன்னவாசல் குகையில் சமண முனிவர் படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்து உண்டு. 1929இல் சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாசனங்கள் உள்ளன. கல்லெல்லாம் எழுத்தாயினும், அக்கல்லருகே ஆடு மேய்த்தோர்க்கு அவை வெறுங்கீறலே. 1886இல் இங்குப் பிறந்த முத்துலட்சுமி, எதிர்ப்புக்கிடையே மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் இசைவால் மன்னர் கல்லூரியிற் பயின்றார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். அவர் ஒருவர்க்குத் திறந்த கதவு, கல்லுடைத்தும் நாற்று நட்டும் வாழ்ந்த பெண்டிர்க்கு மேலும் பல்லாண்டுகள் மூடியே கிடந்தது.

அது திறந்தது 1991இல். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தோன்றியது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாயிற்று. அவ்வழியில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. கற்பித்தோர் ஊதியம் பெறாத தொண்டர். அவருள் இளம்பெண்கள் பலர். எழுத்தொடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் கற்றனர். நீர் கொணரவும், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் ஓர் ஆடவன் வரும்வரை காத்திருந்த நிலை அதனால் மாறியது. 1992 மகளிர் நாளன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் நகரை வலம் வந்ததனைப் பி. சாய்நாத் 1996இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். யான் அப்போது தொடக்கப்பள்ளி மாணவன். என் தேர்ச்சி அட்டையில் கைந்நாட்டு வைத்துவந்த தாயார் ஒருநாள் அட்டையை நெடுநேரம் வைத்திருந்து, கோணல் எழுத்தில் தம் பெயரை எழுதித் தந்தார். 183 ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அவ்வட்டை என் நினைவில் வருகின்றது.

இதனை மிகைப்படுத்தல் ஆகாது. 1992இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட இம்மாவட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 77, பெண்களுள் 69. இயக்கம் குறிப்பிட்ட வயதினரையே நோக்கியது என்பதும், கற்ற எழுத்து பயிலாவிடின் மறக்கும் என்பதும் இவ்வேறுபாட்டிற்கு ஓரளவு விடை. எவ்வாறாயினும் அறிவிப்பினை நம்பிக்கைக்குச் சான்றாகக் கொள்ளுதல் பிழை. ஓர் இரவு வகுப்பிற்கு அரிக்கேன் விளக்கொடு நடந்துவந்த பெயரறியாத தொண்டரே சான்று. இளம்பெருவழுதி காட்டியோரும் இத்தகையோரே என்பது என் துணிபு. எழுத்தை மறந்த பெண்ணும் மிதிவண்டியை மறக்கவில்லை என்பதனையும் உடன்வைத்து எண்ணவேண்டும்.

இயக்கத்தின் செயல்முறையினை வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் 1996இல் நூலாக ஆராய்ந்தனர். வீதி நாடகம், மிதிவண்டிப் பாட்டு, வகுப்பில் பெண்கள் தாமே கட்டிய பாடல் ஆகிய அதன் இலக்கியமோ தமிழ்த்துறைகளின் நோக்கிற்கு உரிய அளவில் வரவில்லை. இவற்றைப் பொருண்மொழிக்காஞ்சியின் பிற்கால வடிவமாகக் கொள்ளலாமா என்பது ஒரு நல்ல ஆய்வுப்பொருள். பாடியவருள் பலர் இன்று அறுபதும் எழுபதும் கடந்தவர். அன்னவாசல், கீரனூர், திருமயம் பக்கத்து ஊர்களில் ஒலிப்பதிவுக் கருவியொடு சென்று அமர்ந்தால் இன்னும் பாடுவர்.