தோட்டாவும் குறியும்

பெரிய மிருகத்துக்குக் கனத்த தோட்டாதான் வேண்டும் என்பது வேட்டைக்காரர்களில் ஒரு கட்சி. கென்னத் ஆண்டர்சன் நம்பியது .405 வின்செஸ்டரை; 300 கிரெயின் குண்டு. ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போன ரகம். ஆனால் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் .275 என்னும் சிறு தோட்டாவால் யானைகளையே சாய்த்தார். இடம் பார்த்துச் சுடத் தெரிந்தவர்.

வாழப்பாடித் திண்ணையில் ஆண்டர்சனின் 1954-ம் வருஷத்துப் புஸ்தகத்தை மறுபடி புரட்டினேன். ஜவளகிரி அந்நாளில் எங்கள் சேலம் ஜில்லா. அங்கே ஒரு பெண்புலியின் துணையைத் திருட்டு வேட்டைக்காரன் கொன்றுவிடுகிறான். பிறகு அவளைச் சுட்ட குண்டும் இடம் தப்பிவிடுகிறது, ஆட்கொல்லியாகிறாள். கடைசியில் ஆண்டர்சன் ஆண்புலிபோல் குரல் கொடுத்து அவளை வரவழைத்துச் சுடுகிறார். .405 அன்று பிசகவில்லை. எனக்கென்னவோ துப்பாக்கி மறந்துவிட்டது. அந்தக் குரலை நம்பி அவள் ஓடிவந்ததுதான் நிற்கிறது.